சரிவும் வழியும்

பழனி மலையின்மேல் ஏறுவோர்க்கு நெடுங்காலமாக இரண்டு வழிகள் உண்டு. ஒன்று படிவழி, மற்றொன்று யானைப்பாதை. படிவழி குறுகிய தொலைவிலேயே உச்சியை எட்டிவிடும்; ஆனால் ஏறுகின்றவர் இடையிடையே நின்று மூச்சு வாங்கியாக வேண்டும். யானைப்பாதை மலையைச் சுற்றி வளைந்து மெல்ல உயர்ந்து செல்லும். அதில் தொலைவு மிகுதி, துன்பம் குறைவு. முதியோரும், குழந்தையை இடுப்பில் தாங்கிய தாய்மாரும் யானைப்பாதையையே நாடுவதை இன்றும் காணலாம். மேட்டு நிலத்தில் மனிதன் வழி அமைத்த வரலாறு முழுவதையும் இந்த இரண்டு வழிகளுக்குள் அடக்கிவிடலாம் என்று நான் சொன்னால், மாணவ நண்பர்கள் அதனை மிகைக்கூற்று என்று எண்ணலாகாது. வழியைச் சுருக்கினால் வலிமை மிகுதியாக வேண்டும். வலிமையைச் சுருக்கினால் வழி நீள வேண்டும். இவ்விரண்டிற்கும் நடுவே எந்த இடத்தில் நிற்பது என்ற கேள்விக்கு ஒவ்வொரு காலத்து மக்களும் ஒவ்வொரு விடை கண்டிருக்கின்றனர்.

தென்னமெரிக்காவின் ஆண்டிசு மலைத்தொடரில் வாழ்ந்த இன்கா மக்கள் கண்ட விடை படிக்கட்டு. அவர்கள் 30,000 கிலோமீட்டருக்கும் மிகுதியான நீளமுள்ள சாலைகளை அமைத்தனர் என்று அறிஞர் மதிப்பிடுகின்றனர். 2014-ஆம் ஆண்டில் யுனெசுகோ நிறுவனம் அச்சாலைகளை உலக மரபுச் சின்னமாக ஏற்றுக்கொண்டது. வியப்பு என்னவெனில், அத்துணைச் சாலைகளை அமைத்த அம்மக்கள் வண்டிச் சக்கரத்தைப் பயன்படுத்தவில்லை. மனிதர் நடந்தனர், லாமா என்னும் விலங்குகள் சுமை தாங்கி நடந்தன. காலுக்குப் படி பகையன்று. ஆகவே, செங்குத்தான இடம் வந்தபோதெல்லாம் அவர்கள் தயங்காமல் கல்லில் படி அமைத்து மேலே சென்றனர்.

சக்கரமோ படியேற அறியாதது. சறுக்கில் ஏற்றி இழுக்கப்படும் பாறாங்கல்லும் அத்தகையதே. எகிப்து நாட்டில் ஹத்நூப் என்னுமிடத்தில் ஒரு பழைய கற்சுரங்கம் உண்டு. 2018-ஆம் ஆண்டில் அங்கே ஒரு சாய்தளத்தின் எச்சத்தை ஆராய்ச்சியாளர் கண்டதாக அறிவித்தனர். அது மாபெரும் பிரமிடைக் கட்டுவித்த கூபு மன்னனின் காலத்தது. ஏறத்தாழ 4,500 ஆண்டு பழைமையுடையது. நடுவே கல்லை இழுத்துச் செல்லும் சாய்தளம்; அதன் இருமருங்கிலும் படிக்கட்டு; படிகளையொட்டிக் கட்டைகள் நடுவதற்குரிய குழிகள். இழுக்கின்ற மனிதனுக்குப் படி, இழுக்கப்படும் கல்லுக்குச் சரிவு என்று அவரவர்க்கு உரியதை அப்பழங்காலத் தொழிலாளர் பிரித்தே அமைத்திருக்கின்றனர். தஞ்சைப் பெருவுடையார் கோயிலின் உச்சிக் கல்லைச் சாரப்பள்ளத்திலிருந்து சாரம் அமைத்து ஏற்றினர் என்று நம் நாட்டில் வழங்கும் செவிவழிச் செய்தியும் இந்த அறிவையே சுட்டுகிறது.

அனுபவத்தால் அறிந்த இவ்வுண்மைக்குக் கணக்கால் சான்று காட்டியவர் சைமன் ஸ்டீவின் என்ற நெதர்லாந்து நாட்டு அறிஞர். 1586-ஆம் ஆண்டில் வெளியான தம் நூலில் அவர் ஒரு முக்கோணத்தை வரைந்தார். அதன் ஒரு பக்கம் செங்குத்துக்கு அணித்தானது. மறுபக்கம் இருமடங்கு நீண்டு சாய்ந்தது. அதன்மேல் ஒரே எடையுள்ள 14 குண்டுகளைக் கோத்த ஒரு மாலையைப் போட்டதாகக் கற்பனை செய்தார். நீண்ட பக்கத்தில் 4 குண்டுகள். குறுகிய பக்கத்தில் 2 குண்டுகள். எஞ்சியவை கீழே தொங்குகின்றன. மாலை தானாகவே சுழலத் தொடங்கினால் அது என்றென்றும் நில்லாமல் சுழல வேண்டும். அவ்வாறு நிகழ்தல் இயலாது. ஆகவே, மாலை அசையாது நிற்கிறது. நீண்ட சரிவில் உள்ள 4 குண்டுகளைக் குறுகிய சரிவில் உள்ள 2 குண்டுகளே தாங்கி நிற்கின்றன. அஃதாவது, சரிவின் நீளத்தை இருமடங்காக்கினால் அதே சுமையை ஏற்றுவதற்குப் பாதி வலிமையே போதும். யானைப்பாதையின் கணக்கு இதுதான்.

வலிமைக் கணக்கு இவ்வாறு தீர்ந்தது. ஆயினும் சரிவில் வழி அமைப்போர்க்கு மற்றொரு பகை உண்டு. அது மழைநீர். வண்டி மலையில் எப்போதோ ஒருமுறை இறங்குகிறது. நீரோ பெய்யும் மழைதோறும் இறங்குகிறது. நாம் வெட்டிய வழி, தனக்காகவே வெட்டிய வாய்க்கால் என்று அது எடுத்துக்கொள்கிறது. மண்ணை அரித்து, கல்லைப் பெயர்த்து, சில ஆண்டுகளில் வழியை ஓடையாக்கிவிடுகிறது.

இந்தப் பகையை அறிந்து போராடியவர்கள் பதினெட்டாம், பத்தொன்பதாம் நூற்றாண்டுகளின் சாலைப் பொறியாளர்கள். பிரான்சு நாட்டுத் திரேசாகே, 1775-ஆம் ஆண்டில், அடியில் பெருங்கல், அதன்மேல் சிறுகல் என அடுக்கடுக்காகச் சாலை அமைக்கும் முறையை விளக்கினார். ஸ்காத்லாந்தில் ஓர் ஆட்டிடையரின் மகனாகப் பிறந்து, கல்தச்சராகத் தொழில் தொடங்கிய தாமஸ் டெல்போர்டு, வேல்சு நாட்டு மலைகளின் ஊடே ஹோலிஹெட் துறைமுகம் வரையில் சாலை அமைத்தார். நாண்ட் பிராங்கன் என்னும் பள்ளத்தாக்கில் அச்சாலை ஏறத்தாழ 22 அடி சென்றால் 1 அடி உயரும் அளவுக்கு மென்சரிவாக அமைந்தது. 1826-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட அவருடைய மெனாய்த் தொங்குபாலம் அச்சாலைக்கு முடியாக விளங்குகிறது.

அவர் காலத்தவரான ஜான் லவுடன் மக்காடம் சொன்னது இன்னும் எளியது. சாலையின் மேலுள்ள கல் சுமையைத் தாங்குவதில்லை. அடியிலுள்ள இயற்கை மண்ணே தாங்குகிறது. அந்த மண் ஈரமாகாதவரையில் எந்தச் சுமையையும் அது தாங்கும் என்பது அவர் கொள்கை. ஆகவே, அடித்தளத்தை நிலமட்டத்துக்கு மேலே உயர்த்தி, இருமருங்கிலும் வடிகால் அமைத்தார். 30 அடி அகலச் சாலையின் நடுப்பகுதி ஓரங்களைவிட 3 அங்குலமே உயர்ந்திருந்தால் போதும் என்றார். 6 அவுன்சுக்கு மேற்பட்ட எடையுள்ள கல்லைச் சாலையில் இடக்கூடாது என்று விதித்தார். சிறுகல் ஒன்றோடொன்று இறுகிக் கூரைபோல் நீரைத் தடுக்கும் என்பது அதன் கருத்து. நம் ஊர்களில் கப்பிச் சாலை என்று வழங்கிய சாலைகள் எல்லாம் இந்த அறிவின் வழிவந்தவையே. சாலை என்பது வண்டிக்கு இட்ட தரை மட்டுமன்று; மண்ணுக்கு வேய்ந்த கூரையும் ஆகும் என்பதை மக்காடத்திடமிருந்து உலகம் கற்றுக்கொண்டது.

நம் நாட்டில் இந்தப் பாடங்களைக் கண்ணெதிரே காண்பதற்கு நீலகிரியே தக்க இடம். 1819-ஆம் ஆண்டில் கோயமுத்தூர்க் கலெக்டர் ஜான் சல்லிவன் அம்மலைமீது ஏறினார். தோடர், கோத்தர், படகர் முதலிய மக்கள் அதற்கு முன்பே அங்கு நெடுங்காலம் வாழ்ந்து வந்தனர். அவர்கள் காலடி பட்ட ஒற்றையடிப் பாதைகளும் இருந்தன. சுமைக் குதிரையும் பல்லக்கும் செல்லத்தக்க வழியைத்தான் சல்லிவன் நாடினார். சிறுமுகையிலிருந்து கோத்தகிரியை அடுத்த திம்பட்டி வரையில் 1821-ஆம் ஆண்டில் தொடங்கிய மலைவழி 1823-ஆம் ஆண்டில் முடிவுற்றது. அவ்வேலையை நடத்தியவர் மக்பர்சன் என்னும் படைத்தலைவர். அதே காலத்தில் உதகையில் சல்லிவன் ஒரு வீடும் கட்டிக்கொண்டார். மலைமக்கள் அதனைக் கல் பங்களா என்று அழைத்தனர். இன்றும் அது கல்லூரி வளாகம் ஒன்றினுள் நிற்கிறது. வீடும் அதற்குரிய வழியும் ஒரே காலத்தில் எழுந்தன என்பதை மாணவர்கள் நினைவிற்கொள்ள வேண்டும். வழியில்லாத இடத்தில் வீடு நிலைப்பதில்லை.

1830-ஆம் ஆண்டை ஒட்டிக் குன்னூர் வழியே புதிய மலைப்பாதை ஒன்று, சென்னை ஆளுநர் லஷிங்டன் காலத்தில், பட்டாளத்துப் பயனியர் படையினரால் வெட்டப்பட்டது. ஆனால் அதன் ஏற்றம் வண்டிகளுக்குக் கடுமையாக இருந்தது. மாட்டு வண்டிகள் பெருகியபின், 1870-களின் தொடக்கத்தில், கர்னல் லா என்பவர் மென்சரிவுடைய வேறொரு சாலையை அமைத்தார். குன்னூருக்கு அருகிலுள்ள லாஸ் அருவி அவர் பெயரால் வழங்குவது. நடப்பவனுக்கு ஒரு வழி, குதிரைக்கு ஒரு வழி, வண்டிக்கு ஒரு வழி என்று ஒரே மலையில் வழிகள் ஒன்றன்பின் ஒன்றாக நீண்டுகொண்டே வந்தன. 1899-ஆம் ஆண்டில் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கும், 1908-ஆம் ஆண்டில் உதகைக்கும் புகைவண்டி ஏறியது. 12 அடிக்கு 1 அடி என்ற கடும் ஏற்றத்தில் வழுவழுப்பான சக்கரம் பிடி தளரும் ஆதலால், தண்டவாளத்தின் நடுவே பற்சட்டம் பதித்து, பற்சக்கரத்தால் அதனைக் கவ்விக்கொண்டு ஏறுமாறு செய்தனர். பிறகு மோட்டார் வந்தது. 1944-ஆம் ஆண்டில் திருமலைக்கு மலைச்சாலை திறக்கப்பட்டது. கொல்லிமலைக்கு ஏறும் சாலையில் 70 கொண்டையூசி வளைவுகளை இன்று காண்கிறோம்.

அரசு அமைக்கும் பெருஞ்சாலையில் மட்டுமா இந்தச் சிக்கல்? சாலையை விட்டு நம் வீட்டு வாயிலுக்குத் திரும்பும் கடைசி அறுபதடியிலும் இதே சிக்கல் உண்டு. அமெரிக்காவில் சான்பிரான்சிசுகோ நகரத்து லம்பார்டு தெருவின் கதை இதற்குச் சான்று. அத்தெருவின் ஒரு பகுதி, 100 அடிக்கு 27 அடி உயரும் ஏற்றமாக இருந்தது. மோட்டார் வண்டி வாங்கிய மக்கள் தம் வீட்டு வாயிலை அடைய இயலாமல் இடர்ப்பட்டனர். 1922-ஆம் ஆண்டில் அதனை எட்டு வளைவுகளாக மடித்துச் செங்கல் பாவினர். இன்று அது உலகம் வந்து காணும் காட்சியாகிவிட்டது. அதற்கு மாறாக, நியூசிலாந்தில் தூனிடின் நகரத்துப் பால்டுவின் தெருவைக் காண்க. நிலத்தின் மேடு பள்ளத்தை எண்ணாமல், தாளில் இழுத்த நேர்கோட்டின்படி அமைந்த தெரு அது. 350 மீட்டர் நீளமே உள்ள அத்தெருவின் மிகச் செங்குத்தான பகுதி 100 அடிக்கு ஏறத்தாழ 35 அடி உயர்கிறது. வெயில் நாளில் தார் உருகிக் கீழே வழியும் என்று அதன் மேற்பகுதிக்குச் சிமெண்டுக் காங்கிரீட் இட்டிருக்கின்றனர். முன்னது நிலத்தோடு இணங்கிய தெரு; பின்னது கோட்டோடு இணங்கிய தெரு.

சில ஆண்டுகளுக்கு முன் என் மைத்துனர் குன்னூரை அடுத்த ஒரு சிற்றூரில் வீடு கட்டினார். தெருமட்டத்துக்கு 12 அடி உயரத்தில் வீடு. தெருவிலிருந்து வீட்டுக்கு நேர்த்தொலைவு 60 அடி. எண்பது வயதைக் கடந்த தம் தாயாரை வண்டியிலேயே வாயில்வரை அழைத்துவர வேண்டும் என்பது அவர் விருப்பம். நேராக ஒரு காங்கிரீட் சரிவு போட்டுவிடலாம் என்று முடிவு செய்திருந்தார். கணக்குப் பார்த்தால் அது 5 அடிக்கு 1 அடி ஏற்றம். புகைவண்டியே பற்சக்கரமின்றி ஏறமாட்டாத ஏற்றத்தினும் இருமடங்குக்கு மேல். நான் அங்குச் சென்றிருந்த நாளில், வேலைக்கு வந்திருந்த முதிய கொத்தனார் ஒன்றும் பேசாமல் ஒரு குடம் நீரை எடுத்துச் சென்று மேலேயிருந்து ஊற்றினார். நீர் நேராக இறங்கித் தெருவைக் கடந்தது. தெருவுக்குக் கீழே இருந்த ஓட்டு வீட்டின் சுவரோரத்தில் போய்த் தேங்கியது. அந்த வீட்டில் தனியாக வாழ்ந்தவர் ஒரு மூதாட்டி. சுவரையொட்டி அவர் பூண்டு பயிரிட்டிருந்தார்.

“ஒரு குடத்துக்கே இப்படி, ஐயா. ஐப்பசி மழைக்கு அந்த அம்மா எங்கே போவார்கள்? முதலில் தண்ணீருக்கு வழி சொல்லுங்கள், பிறகு வண்டிக்கு வழி போடலாம்” என்றார் கொத்தனார்.

மைத்துனர் சிறிது நேரம் வாய் திறக்கவில்லை. மாற்று வழியில் இடம் மிகுதியாகப் போகும், தோட்டத்துக்கென்று ஒதுக்கிய நிலம் பாதியாகும், செலவும் உயரும். ஆயினும் பாதையைக் குறுக்காகத் திருப்பி, நடுவே ஒரு வளைவு வைத்து, 120 அடி நீளமாக்க இசைந்தார். ஏற்றம் 10 அடிக்கு 1 அடியாகக் குறைந்தது. வளைவிலும் வாயிலிலும் வண்டி நிற்கச் சமதளம் விட்டார்கள். பாதையை மலைப்பக்கமாகச் சற்றே சாய்த்து, அவ்வோரத்தில் வடிகால் எடுத்தார்கள். தடுப்புச் சுவரின் பின்னே நீர் தேங்கிச் சுவரைத் தள்ளாதிருக்க, அதன் பின்புறம் சரளைக்கல் நிரப்பிச் சுவரில் துளைகள் விட்டார்கள். வடிகாலை மனையின் எல்லையோரமாக நடத்தி, முன்பே அங்கு ஓடிய ஓடையில் சேர்த்தார்கள். அடுத்த மழைக்காலத்தில் பாதையின்மேல் விழுந்த நீர் ஓடைக்கே சென்றது; மூதாட்டியின் சுவரோரம் பூண்டு விளைந்தது. அக்கொத்தனார் மக்காடத்தின் பெயரைக் கேள்விப்பட்டிருப்பாரோ, யான் அறியேன். மக்காடம் அறிந்ததை அவர் அறிந்திருந்தார்.

இது ஒரு வீட்டுக் கதைதானே என்று எண்ணிவிடலாகாது. 2009-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் நீலகிரியில் பெருமழை பெய்தது. கேத்தியில் ஒரே நாளில் 820 மில்லிமீட்டர் மழை பதிவாயிற்று. பல இடங்களில் மலைச்சரிவுகள் சரிந்தன. சாலைகளும் இருப்புப் பாதையும் அறுந்தன. 40-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அத்தகைய மழையை மனிதன் தடுத்தல் இயலாது. ஆனால் மலையின் அடிவாரத்தை வழிக்காக வெட்டும்போது மேலுள்ள மண் தன் தாங்கலை இழக்கிறது. ஓடையை மூடி வீடெழுப்பும்போது நீர் புதுவழி தேடுகிறது. மண்ணிடுக்குகளில் நீர் நிறையும்போது துகளைத் துகள் பற்றியிருந்த பிடி தளர்கிறது. இவை மூன்றும் மனிதன் கையில் இருப்பவை. ஒரு மலையில் ஒரு வீட்டுப்பாதை என்றால் அதன் விளைவு சிறியது. ஓராயிரம் வீட்டுப்பாதைகள் என்றால், ஓராயிரம் குடம் நீரும் கீழே இருப்பவன் சுவரைத் தேடிச் செல்லும்.

வரலாற்று நூல்களில் சாலை அமைத்த ஆளுநர், கலெக்டர், பொறியாளர் பெயர்களே பெரும்பாலும் இடம்பெறும். கூடையில் மண் சுமந்தவர், பாறையில் உளி பிடித்தவர், காய்ச்சலில் மடிந்த கூலியாள் ஆகியோரின் பெயர்களைக் கல்லிலே பொறிப்பார் இல்லை. ஆயினும் அவர்கள் எழுதிய ஏடு ஒன்று நம் கண்முன் கிடக்கிறது. அது சாலையே. அதனைப் படிக்க எழுத்தறிவு வேண்டுவதில்லை. கூர்ந்த பார்வை போதும்.

மாணவ நண்பர்களே! அடுத்த முறை ஏற்காட்டுக்கோ உதகைக்கோ கொடைக்கானலுக்கோ செல்லும்போது, வண்டி வளைவில் திரும்புகையில் பள்ளத்தாக்கை மட்டும் பார்த்து வியந்துவிடாதீர்கள். சாலையின் உட்பக்க ஓரத்தையும் பாருங்கள். அங்கே வடிகால் தூர்ந்திருக்கிறதா, திறந்திருக்கிறதா? தடுப்புச் சுவரின் துளைகளில் நீர் கசிகிறதா, மண் அடைத்திருக்கிறதா? சிறுபாலத்தின் வாய் குப்பையால் மூடியிருக்கிறதா? அந்த மலை அடுத்த மழையைத் தாங்குமா என்பதற்குரிய விடை அங்கேதான் எழுதப்பட்டிருக்கிறது. நாளை உங்களுள் சிலர் பொறியாளர் ஆவீர்கள்; பலர் வீடு கட்டுவீர்கள். மேட்டில் வீடு கட்டும் வாய்ப்பு வந்தால், உங்கள் வண்டி எவ்வாறு மேலே ஏறும் என்று கேட்பதற்கு முன், உங்கள் மனையில் விழும் மழை எவர் வாயில் வழியாகக் கீழே இறங்கும் என்று கேளுங்கள். ஒரு குடம் நீர் இருந்தால் விடை அறிந்துகொள்ளலாம்.